ஆறு ஐம்பதுக்கு மலை

சுமலதாவுக்கு மூளை இருக்கிறதா என்று நான் சந்தேகப்பட்டது மொத்தம் இரண்டு முறை. ஓசூர் கம்பெனியில் பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். கணக்கு முடித்து வந்த பணத்தைக் கெலமங்கலம் தாண்டி, திராட்சைத் தோட்டத்து ஓரம் மூன்று அறை விடுதி கட்டிக் கொட்டினாளே, அதுதான் முதல் முறை. பெங்களூர்க்காரர்கள் வந்து தங்குவார்களாம். காலையில் மலை பார்ப்பார்களாம், மதியம் எல்லை தாண்டி ஒயின் தோட்டத்துக்குப் போவார்களாம்.

"அந்தக் கருமமெல்லாம் எனக்கு வேணாம். ஆக்கிப் போடறதுன்னா சொல்லு, வர்றன்" என்றேன். மறுநாளே கரண்டியோடு போய் நின்றேன்.

ஆறு மாதத்தில் வந்தது மூன்றே பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். அவள் கணவன் கோவிந்தன் பொறுமை இழந்தான்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறன். ஆளு வர்லன்னா சாவிய மாரிமுத்து கையில குடுத்துருவன்."

மாரிமுத்து கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். தன் ஆட்களைத் தங்க வைக்க அந்த மூன்று அறையிலும் பதினெட்டுக் கட்டில் போட அளவெடுத்துக்கொண்டு போயிருந்தான். அன்று சுமலதா சோறே தொடவில்லை.

மார்கழிக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கார் வந்தது. விமல்ராஜ், கவிப்ரியா என்று ஒரு தம்பதி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்போதுதான் எனக்கு இரண்டாம் முறை சந்தேகம் வந்தது. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, ரெஜிஸ்டரில் நேரம் எழுத வைத்து, கழுத்தில் மாட்ட ஆளுக்கொரு விசிட்டர் அட்டை கொடுத்தாள் சுமலதா. செருப்பு விடும் இடத்தில் மஞ்சள் கோடு. உள்ளே ஒரு பலகை: 6.15 விசில். 6.30 டீ, பத்து நிமிடம். 6.50 மலை. 8.30 டிபன். 12.00 ஒயின். 5.00க்கு மேல் யானை வரலாம், வெளியே போகக் கூடாது.

"அடியே, இது வூடா, ப்ரொடக்ஷன் லைனா?"

"டைம் இல்லன்னா எதுவும் உருப்படாது, காத்தூன்க்கா."

காலை 6.15க்கு நிஜமாகவே ஊதித் தொலைத்தாள். விமல்ராஜ் போர்வையோடு வெளியே வந்தான். "ஏங்க, ஆபீஸ்ல இருந்து தப்பிச்சுத்தான் இங்க வந்தோம். இப்பவே கிளம்பறோம்."

சுமலதாவின் முகம் வாடிவிட்டது. விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கெளம்புங்க சார். டீ மட்டும் குடிச்சுட்டுப் போங்க. ஆறு அம்பதுக்கு அந்தக் கொடிப் பந்தலுக்கு மேல பாருங்க. எங்க கம்பெனி பஸ்ஸு இந்த எடத்துக்கு வர்றப்ப ஆறு அம்பது. பனி வெலகி மலை தெரியும். பதினோரு வருசத்துல ஒரு நாளும் பஸ்ஸு நின்னதில்ல. நின்னு பாக்கணும்னுதான் இந்த எடத்த வாங்கனன்."

அதே பஸ்ஸில் பதினோரு வருடமும் அவள் தோளில் சாய்ந்து தூங்கியவள் நான்.

ஆறு ஐம்பதுக்குப் பனி விலகியது. முதலில் பாறை உச்சி, பிறகு தோள், பிறகு முழு மலையும் வெயிலில் சிவந்து நின்றது. கவிப்ரியாவின் கையில் டீ ஆறிப்போனது. விமல்ராஜ் மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவர்கள் கிளம்பவில்லை. என் கோழிக் குழம்புக்கு இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கித் தின்றார்கள். பலகையில் போட்டபடி பன்னிரண்டுக்கு ஒயின் தோட்டம் போய், யானைக்கு முன்னால் திரும்பினார்கள்.

பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருக்க, மாரிமுத்து அன்று சாயங்காலமே சாவி கேட்டு பைக்கில் வந்து நின்றான். கோவிந்தன் கையில் சாவி.

கவிப்ரியா நேராகக் கோவிந்தனிடம் போனாள். "அண்ணா, அடுத்த மாசம் நாலு வாரமும் சனி, ஞாயிறு மூணு ரூமும் எங்களுக்கு வேணும். ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வர்றோம்."

"விசில நிறுத்திடாதீங்க" என்றான் விமல்ராஜ்.

கோவிந்தன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். விஷயம் புரியாமல் மாரிமுத்து உள்ளே காலெடுத்து வைத்தான். விசில் அலறியது.

"அண்ணா, மஞ்சக் கோடு" என்றாள் சுமலதா.

அவன் செருப்பைக் கழற்றினான். நான் ரெஜிஸ்டரை நீட்டினேன்.

"வந்த நேரத்த எழுதுங்க. அப்படியே போற நேரத்தயும் சேத்து எழுதிருங்க."