மூன்று ரம்பங்களும் ஒரே ஈர மரமும்

மண்டபக் கதவுகளின் மூலைகள் பிளந்ததற்கு என் அறுப்புதான் காரணம் என்று மண்டபக் கமிட்டியிடம் சொன்ன மேஸ்திரி பொய் சொன்னார். தெரிந்தே சொன்னார். அவர் இன்னும் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் பெட்டியும் பெஞ்சும் செய்கிறேன். கதவு வேலைக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

மண்டபத்துக்கு எட்டுக் கதவுகள். நிலையும் சுவரும் சேரும் இடத்தை மறைக்கச் சுற்றிலும் அகலமான மரச்சட்டம் அடிக்க வேண்டும். மேல்மூலைகளில் சட்டங்களைச் சாய்வாக அறுத்துப் பொருத்துவோம். சாய்வு மயிரிழை தப்பினாலும் விரிசல் தெரியும். அதனால் எந்த ரம்பம் நல்லது என்று எங்கள் கொட்டகையில் ஓயாத சண்டை.

என்னுடையது மரப்பெட்டி. மூன்று பலகையைச் சேர்த்தடித்து, பக்கங்களில் சாய்வாகப் பிளவு வெட்டி, அதற்குள் ரம்பத்தை ஓட்டுவது. செய்வது சுலபம். ஆனால் பிளவு தேய்ந்துவிடும். தேய்ந்ததும் ரம்பம் ஆடும். அப்போது புதுப்பெட்டி அடிக்காதவன் சோம்பேறி. அந்த வேலைக்கு நான் புதுப்பெட்டிதான் அடித்தேன்.

கூட இருந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம் இரும்புச் சட்டத்தில் மாட்டிய சீமை ரம்பம் இருந்தது. வேண்டிய சாய்வில் பூட்டிவிட்டால் அசையாது. அறுத்த முகம் கண்ணாடிபோல் இருக்கும். பல் தீட்டக் கழற்றினால்தான் தொல்லை. திரும்ப மாட்டி மட்டம் பார்ப்பதற்குள் அரை நாள் போய்விடும். மூன்றாவது ஆள் ஒரு சீனத் தச்சர். அவர் ரம்பம் கயிறு முறுக்கிய மரச்சட்டத்தில் இருக்கும். பெட்டியும் கிடையாது, பூட்டும் கிடையாது. கோடு கிழித்து, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு கண்ணளவில் அறுப்பார். பிறகு இழைப்புளியால் ஒரு இழுப்பு. வேகத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாலும் அவருக்கு ஈடில்லை.

திறப்பு விழாவுக்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். மரம் மட்டும் வரவில்லை. கடைசியில் மேஸ்திரி அம்பாங் பக்கமிருந்து மெரந்தி மரப் பலகை ஏற்றி வந்தார். தொட்டால் சில்லென்று இருந்தது. அறுத்த தூள் கையில் ஒட்டியது.

"மேஸ்திரி, இது காயவே இல்ல. ரெண்டு மாசமாவது காத்தாட அடுக்கி வைக்கணும்," என்றேன்.

"நல்ல நேரம் உனக்காக ரெண்டு மாசம் நிக்குமாய்யா? அறு."

சீனத் தச்சர் பலகையில் நகத்தை அழுத்திப் பார்த்தார். "காயு பாசா லா," என்றார். மரம் ஈரம் என்று மலாயில் சொன்னார்.

"அவருக்கு ஏது பஞ்சாங்கம்? அவரு பேசுவாரு," என்றார் மேஸ்திரி.

நாங்கள் அறுத்தோம். பலகையைச் சட்டமாகக் கிழித்தது மற்ற இருவரும், கதவு மூலைகளை அறுத்தது என் பெட்டியில் நான். மறுத்திருக்க வேண்டும், மறுக்காதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே மரத்தில் ஆளுக்கொரு மூலை அறுத்துப் பொருத்தி, யாருடையது நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று பேசினோம். மூன்றையும் கொட்டகைத் தூணில் அடித்தோம். மேஸ்திரியும் வந்து பார்த்தார். "என்னண்ணே, பரீட்சையா? யாரு பெயிலு?" என்று யாழ்ப்பாணத்துக்காரரிடம் சிரித்தார். சீமை ரம்பம் முதலாவது, என்னுடையது இரண்டாவது, சீனருடையது இழைப்புக்குப் பிறகு என்னுடையதற்குச் சமம். ஆனால் மூன்றிலும் வெளிச்சம் புகவில்லை.

திறப்பு நாளன்று கதவுகளும் அப்படித்தான் இருந்தன. கமிட்டிக்காரர் ஒருவர் மூலையில் விரலை ஓட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றார்.

இரண்டு மாதத்தில் எல்லா மூலைகளும் உள்பக்கம் பிளந்தன. நகம் நுழைந்தது. கமிட்டி கேட்டதும் மேஸ்திரி யோசிக்கவே இல்லை. "சீமை ரம்பம் கிட்டவே இருந்துச்சு. இந்த ஆளு தன் மரப்பெட்டியிலதான் அறுப்பேன்னு பிடிவாதம் பிடிச்சான்," என்றார்.

கொட்டகைக்குப் போய்த் தூணைப் பார்த்தேன். அங்கேயும் மூன்றும் பிளந்திருந்தன, சீமை ரம்பத்தில் அறுத்ததும் சேர்த்து. வெளிமூலை ஒட்டியபடி இருக்க, உள்மூலை மட்டும் திறந்திருந்தது. சாய்வைத் தப்பாக அறுத்திருந்தால் முதல் நாளே விரிசல் தெரியும். மரம் காய்ந்து அகலம் குறுகினால்தான் நாள் போய் இப்படி உள்ளே திறக்கும். தச்சு வேலை தெரிந்த எவனுக்கும் இது தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும்.

மூன்றையும் பெயர்த்துக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரரும் வந்து, "இது என்ர அறுப்பு. இதுவும் பிளந்துதான் கிடக்கு," என்று காட்டினார்.

மேஸ்திரி கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கொட்டகைச் சண்டையை இங்க கொண்டாராதீங்கய்யா," என்றார். கமிட்டி தலையாட்டியது. எட்டுக் கதவுகளும் கோணல் கைக்காரன் செய்தது என்று பேராகிவிட்டது.

ஆண்டுக் கூட்டம் அதே மண்டபத்தில் நடக்கப்போகிறது. மேஸ்திரி எழுந்து நின்று, கேட்க வந்த எல்லோருக்கும் காது கேட்கச் சொல்லட்டும். அந்தப் பலகை மரமறுக்கும் மில்லிலிருந்து இறங்கி எத்தனை நாளில் என் கைக்கு வந்தது? ஈரம் என்று நாங்கள் சொன்னோமா இல்லையா? என் வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் பேசுவது வேண்டாம். பழியை ஊரறியச் சொன்னவர் பதிலையும் ஊரறியச் சொல்ல வேண்டும்.