நாலெக்ஸ் ஸ்கோப்பும் அம்மாவின் கூவலும்

போன வாரம் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. போனில் விளையாடும் துப்பாக்கி விளையாட்டில் ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியை, திறந்தால் வருகிற சத்தம்தான். எனக்கு மட்டும் கையிலிருந்த சோறு பாதி மடியில் விழுந்துவிட்டது. இருபத்து மூன்று வயதுப் பெண் சோறு சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

விளையாடிக்கொண்டிருந்தது சுகந்தி. கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் என்னோடு வேலை செய்கிறவள், பக்கத்து ஊரான எலப்புள்ளிக்காரி. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். போனில் பேசினால் சண்டை வருகிறதாம், சேர்ந்து யாரையாவது சுட்டால் வருவதில்லையாம். அதனால் இரண்டு பேரும் ஒரே அணியில் சேர்ந்து விளையாடிக் குடும்பம் நடத்துகிறார்கள்.

"ஏனுங்க, இந்த ஸ்கோப்ப மாட்டுனா துப்பாக்கி மேல மேலயே ஏறுதுங்க. என்ற ஊட்டுக்காரரு கேலி பண்றாருங்க. உங்களுக்கு இதெல்லாந் தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

தெரியுமா என்று என்னிடம் கேட்கலாமா! கை கழுவிவிட்டு வந்து பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். துப்பாக்கி மேலே உதைக்கும், அதனால் சுடும்போதே கட்டைவிரலை மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். எதிரி தூரத்தில் இருந்தால் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது; ஒவ்வொன்றாக, மிஞ்சினால் மூன்று மூன்றாக விட வேண்டும். நின்று சுடுவதைவிட உட்கார்ந்தால் குறி ஆடாது, படுத்தால் இன்னும் நல்லது. ஓடுகிறவனைச் சுட்டால் அவன் இருக்கும் இடத்தைக் குறி வைக்காதே, அவன் போய்ச் சேரப்போகிற இடத்தில் வை. இரண்டு முறை சுட்டதும் இடத்தை மாற்று, சத்தத்தை வைத்து உன்னைத் தேடி வருவார்கள். கிட்டத்தில் ஆள் வந்துவிட்டால் ஸ்கோப்பை மூடிவிடு, அதில் பார்த்தால் அவன் சட்டைப் பொத்தான்தான் தெரியும். சுகந்தி வாயைப் பிளந்து கேட்டாள். "எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். பீர்மேட்டில் என்று மட்டும் சொன்னேன்.

பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட். அம்மா அங்கே கொழுந்து எடுத்தாள். நான் ஏழாவது படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பிறகு எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், கடைசி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அந்த ஒற்றை அறையில் மாதா படத்துக்கு ஒரு மூலை, அடுப்புக்கு ஒரு மூலை, மிச்சம் எங்களுக்கு. நான் பிளஸ் டூ படித்த வருடம் பள்ளிக்கூடத்தை மூடி, வகுப்பெல்லாம் போனில் என்று சொல்லிவிட்டார்கள். போன் வந்தது. ரேஞ்ச், அதாவது சிக்னல், வரவில்லை. லயத்தில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கினால் ஒரு கோடு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

ரேஞ்ச் கிடைக்கிற ஒரே இடம் பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்கு மேலே இருந்த ஒரு தட்டைப் பாறை. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் நானும் பக்கத்து வீட்டு ஜென்சியும் பிளாஸ்டிக் படுதாவைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குப் போவோம். ஜென்சி என் வகுப்புதான். கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும், எங்கள் போன்களில் போர் நடந்துகொண்டிருக்கும். நான்கு பேர் அணியில் எங்களோடு சேரும் மற்ற இரண்டு பேர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. எனக்கு விளையாட்டில் 'பீர்மேடு புலி' என்று பெயர். வைத்துக்கொண்டது நான்தான்.

புலிக்கு உண்மையில் பயம் அதிகம். எதிரி கிட்டத்தில் வந்துவிட்டால் எனக்கு விரல் மரத்துவிடும், வெறும் படம்தான் என்பது மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு சாவேன். அப்படிப் பல தடவை செத்த பிறகுதான், தூரத்தை நான்கு மடங்கு கிட்டத்தில் காட்டும் நாலெக்ஸ் ஸ்கோப் மாட்டிய ரைஃபிள் என் கைக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. எங்கோ ஒரு குன்றில் புல்லுக்குள் படுத்துக்கொண்டு, நம்மைப் பார்க்க முடியாத ஒருவனை நாம் மட்டும் பார்த்துச் சுடலாம். பயந்தாங்கொள்ளிக்கென்றே செய்த ஆயுதம் அது. மூன்று மாதத்தில் முகம் தெரியாத பையன்களெல்லாம் "சிஸ்டர், கவர் குடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சும் அளவுக்கு வந்துவிட்டேன். ஜென்சிக்கு அதில் கொஞ்சம் பொறாமை. "ஏட்டி, நீ தூரத்துல நின்னா வீராங்கனை, கிட்ட வந்தா கோழிக்குஞ்சு" என்பாள். சரியாகத்தான் சொன்னாள்.

இங்கே கூவலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்போது கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருத்தி வாயில் கையைக் குவித்து "ஊ...ஓய்" என்று நீளமாகக் கூவுவாள். கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொருத்தியாகப் பதில் கூவ வேண்டும். அவரவர் குரலில், அவரவரே. ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி கூவக் கூடாது, அது ஆகாது. ஒரு குரல் குறைந்தால், அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுத் தேடிப் போக வேண்டும். பாம்பு கடித்து விழுந்து கிடக்கலாம், கால் வழுக்கிக் கிடக்கலாம். யானை வந்தாலும் அப்படித்தான். ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் கூவல் போகும். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பேசப் பழகும் வயதிலேயே அதையும் பழகியிருப்போம். எந்த வீட்டுப் பிள்ளையின் குரல் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். பாறையைச் சுற்றிப் பனி இறங்கியிருந்தது. ஜென்சி விளையாட்டில் சீக்கிரமே செத்துப்போன கோபத்தில் இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாறைக்குப் பின்பக்கச் சரிவில் இருந்த ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் படுதாவில் குப்புறப் படுத்திருந்தேன். இரண்டு காதிலும் இயர்போன். ஆட்டம் முடியப்போகிறது; நானும் இன்னொருவனும்தான் மிச்சம். அவன் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தான். தலையை நீட்டட்டும் என்று ஸ்கோப்பில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். ஸ்கோப்பின் வட்டம் பொல்லாதது. அதற்குள் பார்க்கிறபோது உலகத்தில் வேறெதுவும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் கீழே காவல்காரர் ஒற்றை யானை ஓடையைத் தாண்டியதைப் பார்த்துக் கூவியிருக்கிறார். பன்னிரண்டாம் நம்பரில் நின்ற பெண்கள் பதில் கூவியிருக்கிறார்கள். அம்மா பாறையைப் பார்த்து எங்களுக்காகக் கூவியிருக்கிறாள். ஊற்றிலிருந்து ஜென்சி பதில் கூவிவிட்டு, நானும் கூவியிருப்பேன் என்று நினைத்துக் கீழ்ப்பாதையில் லயத்துக்கு ஓடிவிட்டாள். யானை ஓடைப் பக்கம்தான் நிற்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இதெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கேட்டது துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான்.

அவன் தலையை நீட்டினான். மூன்று குண்டு விட்டேன். விழுந்தான். ஜெயித்துவிட்டேன் என்று திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. சிரித்துக்கொண்டே இயர்போனைக் கழற்றினேன், ஜென்சியைக் கூப்பிடலாமென்று.

முதலில் வாடைதான் வந்தது. நனைந்த சாக்கும் சாணமும் கலந்தது போல ஒரு வாடை. எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பினேன். பாறை சரிந்து தேயிலையில் இறங்குகிற இடத்தில், முப்பதடி தூரத்தில், பனிக்குள் ஒரு கரிய சுவர் நின்றது. சுவரில் ஒரு காது அசைந்தது.

அப்போது அம்மாவின் கூவல் கேட்டது. "ஊ...ஓய்."

பக்கத்தில்தான் கேட்டது. என் குரல் வராததால் சாக்கை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தேடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். நேராக யானையை நோக்கி வருகிறாள், அவளுக்குத் தெரியாது. யானைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். நான் கூவினால் அம்மா நின்றுவிடுவாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று திரும்பிவிடுவாள். ஆனால் நான் கூவினால் யானை என் பக்கம் திரும்பும்.

இதை இவ்வளவு தெளிவாக அப்போதே நினைத்தேன். அதுதான் என்னை இன்றுவரை தின்கிறது. பயத்தில் மூளையில் ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் ஓடியது. மூச்சை இழுத்தேன். கூவல் தொண்டையைத் தாண்டி நாக்கு வரைக்கும் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

இரண்டாவது கூவல் இன்னும் கிட்டத்தில் வந்தது. கடைசியில் கொஞ்சம் உடைந்திருந்தது. அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. சுவர் திரும்பியது. தேயிலைச் செடிகள் மளமளவென்று முறிகிற சத்தம். "மாதாவே!" என்று அம்மா கத்தினாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் படுதாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். கீழேயிருந்து காவல்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யானை மேற்கே இறங்கிப் போய்விட்டது.

அம்மாவைக் கான் காப்பாற்றியது. மழைத் தண்ணீர் ஓடத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் கான் என்போம். ஓடும்போது அதற்குள் விழுந்திருக்கிறாள், யானை அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஜீப்பில் பின் சீட்டில் அவளைக் கிடத்திக்கொண்டு போனபோது வளைவுக்கு வளைவு முனகினாள். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள், "ஒனக்கு ஒண்ணும் இல்லல்லாட்டி?" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு லயத்துப் பெண்கள் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அவர்கள் கேட்க வந்தது வேறு. கூவலுக்குப் பதில் கொடுக்காத பிள்ளை என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அது எங்கள் லயத்தில் சாகும்வரை போகாது. வயதான ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஜென்சி சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. ஒம்மவ கூவலையாக்கும்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். யானைக்கு எதிரில் இருந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன் என்று நினைக்கிறேன்.

"கூவாம என்ன? கூவுனா," என்றாள் அம்மா. "எனக்குத்தான் அந்தக் காத்துல கேக்கல."

அன்று காற்றே இல்லை. பனி இறங்கும்போது காற்று இருக்காது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு நான் "அம்மா, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "விடுட்டி, சோத்தப் போடு. பசிக்கி," என்றாள். போட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மா பிறகு காட்டுக்குப் போகவில்லை. வேலை போனால் லயமும் போகும். பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தது. எலப்புள்ளியில் ஒரு வாடகை வீட்டுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டோம். அம்மாவுக்கு இந்த வெயிலும் பிடிக்கவில்லை, இந்தத் தண்ணீரும் பிடிக்கவில்லை. ஊன்றுகோலோடு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். போன தவக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஜென்சி இப்போது குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். போன மாதம் பேசினாள். பாறைக்கு மேலே டவர் வைத்துவிட்டார்களாம், லயத்துக்குள்ளேயே முழு ரேஞ்ச் வருகிறதாம். யானை வந்தால் போனில் செய்தி வருகிறதாம். போன் குரூப்பில் வீட்டுக்கு ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்து ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டால் போதுமாம். "இப்ப யாரும் கூவுறதில்லட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு அது என்னன்னே தெரியாது," என்று சிரித்தாள். என்னால் அவளோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். சத்தம் வராமல் இல்லை அம்மா, வந்தது, நான்தான் விழுங்கினேன் என்று. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், கோயில் சாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், பிறகு எதற்கு என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் அதுவும் பயம்தான். இப்போது சொல்லத் தைரியம் வந்திருக்கிறது. கேட்பதற்கு அவள் இல்லை.