கையை நகர்த்தாத கமால்தீன்

எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் பக்கம் போவதென்றால் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் கமால்தீன் மௌத்தான செய்தி எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அதுவரை தாங்கியின் வாய்க்கு முன்னால் வெயிலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தனி ஆள் உள்ளே இறங்கக்கூடாது, அவர் வந்தால்தான் வேலை தொடங்கும். வாசலுக்குத் திரும்பி வந்து போனை வாங்கினால், அவருடைய மச்சான் பலமுறை அழைத்திருந்தார். “சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவர் மிஸ். நெஞ்சு நோகுது எண்டார். அவ்வளவுதான்.” நான் அவருடைய ஊரான கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் இருந்த அறையில் அவருடைய மனைவி பரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்துக்கு மேலே நிற்கும் எரிபொருள் தாங்கிகளைப் பரிசோதித்து, இதற்குள் எண்ணெய் விடலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவதுதான் அது. கருவியின் நுனியில் பசை தடவித் தகட்டில் வைத்தால், தகட்டின் தடிப்பு திரையில் இலக்கமாக வரும். துரு தின்று குழி விழுந்த இடத்தில் ஒன்றும் வராது. அப்போது கை தானாகவே பக்கத்தில் வழுவழுப்பாக இருக்கும் இடத்துக்கு நகரும். அங்கே நல்ல இலக்கம் வரும், அதை எழுதுவோம். தாங்கி முழுக்க இப்படியே அளந்தால் உக்கின தாங்கியும் நல்ல தாங்கியாகிவிடும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வருகிற பிழை இது.

கமால்தீன் கையை நகர்த்த மாட்டார். இலக்கம் வராத இடத்தைச் சுற்றிச் சிவப்புச் சோக்குக் கட்டியால் வட்டம் போடுவார். ஒருமுறை, வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், “பக்கத்தில வச்சுப் பாருங்களன், கெதியா முடிச்சிட்டு வெளியில போவம்” என்று நான் கெஞ்சினேன். “வருத்தக்காரன் வயித்தில நோகுது எண்டு வாறான். டாக்குத்தர் காலைத் தொட்டுப் பாத்திட்டுச் சுகமாயிருக்கிறாய் எண்டு அனுப்பினா, அவரை நீங்க என்ன செய்வீங்க மிஸ்?” என்றார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேலையையும் நிறுத்திவிட்டார். அவரோடு வேலை செய்வது லேசில்லை. வாய் நீளம், முன்கோபம், போதாக்குறைக்கு என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியில் மீன் பொரியல் இருந்தால் அது அவருக்குத்தான்.

நான் அன்று அவருக்காகக் காத்து நின்ற தாங்கி, துறைமுகக் கரையில் ஒரு தனியாருக்குச் சொந்தமானது. பெயர் வேண்டாம். அதன் அடித்தகட்டில் இலக்கம் வந்த இடங்களைவிடச் சிவப்பு வட்டங்கள்தான் கூட. எண்ணெய் விடக்கூடாது என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கள் மேலாளர் கூப்பிட்டு, ‘பாவிக்கக்கூடாது’ என்பதைக் ‘கவனமாகப் பாவிக்கலாம்’ என்று மாற்றினால் எல்லாருக்கும் நல்லது என்றார். கதிரையில் சாய்ந்திருந்த கமால்தீன் நிமிரவேயில்லை. “சேர், எண்ணெய்க்குக் கவனம் தெரியாது. ஓட்டை கிடைச்சா இறங்கும்.” கடைசியில், விட்டுப்போன இடங்களையும் அளந்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்த வேலைக்குத்தான் அன்று போயிருந்தேன்.

அந்தத் தாங்கிக்குக் கீழே, கடலுக்குப் போகிற சரிவில், கொஞ்சம் மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே கிணறு. வேலை முடிந்ததும் கமால்தீன் அங்கே போய், கிணற்றடியில் இருக்கும் யோகமலர் வீட்டு வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி சொல்லுவார். அடித்தகடு ஓட்டையானால் எண்ணெய் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும் என்று படம் கீறிக் காட்டியவர் அவர். அலுவலகத்தில் இது பிடிக்கவில்லை. “அறிக்கை அவங்களுக்கு, கதை இவங்களுக்கு. ரெண்டும் ஒண்டா இருந்தாச் சரிதானே” என்று என்னிடம் சொன்னார்.

அவரை அடக்கம் செய்த பிறகு அலுவலகம் ஒரு நியாயம் கண்டுபிடித்தது. எழுதியவரில் ஒருவர் இல்லை, கேள்வி வந்தால் யார் விளக்குவது, ஆகவே முதலிலிருந்து அளப்போம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். தன்மையான மனிதர், என்னை அக்கா என்றே கூப்பிட்டார். இருவரும் உள்ளே இறங்கினோம். வட்டங்கள் அழியாமல் இருந்தன. அவர் ஒரு வட்டத்துக்குள் நுனியை வைத்தார். ஒன்றும் வரவில்லை. கை மெல்ல வட்டத்துக்கு வெளியே போனது. “இங்க வருகுதே, அக்கா.” அடுத்த வட்டத்திலும் அதுதான், அதற்கடுத்ததிலும் அதுதான். நான் கத்தினேன். தாங்கிக்குள் கத்தினால் தன் குரலே தன்னைத் திருப்பி அடிக்கும். அவர் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

எண்ணெய் விடலாம் என்று எழுதிய அந்த அறிக்கையில் நான் கையெழுத்து வைக்கவில்லை. அவருடைய கையெழுத்தே போதும் என்றார்கள். ஊதுகிற சங்கை ஊதினேன். மேலே இருக்கிற எல்லாருக்கும் எழுதினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. அந்தத் தாங்கிக்கான எண்ணெய்க் கப்பல் புறப்பட்டுவிட்டதாம். இந்த நேரம் பார்த்துச் செத்துப்போனதற்காகக் கமால்தீன்மேலேயும் எனக்குக் கோபம் வருகிறது. தனியாக நின்று சண்டை பிடிக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. அவருடன் தாங்கிக்குள் இறங்கிய எவராவது இதை வாசித்தால், அந்த வட்டங்களைக் கண்ணால் கண்டோம் என்று என்னோடு சேர்ந்து சொல்ல வாருங்கள். அழுவதைப் பிறகு அழலாம்.

போன கிழமை யோகமலரிடம் போனேன். “ஐயா வரேல்லையோ?” என்று கேட்டார். சொன்னேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். “அப்ப தாங்கி?” என்றார்.

“எண்ணெய் விடப்போகினம் அக்கா. விட்ட பிறகு இந்தத் தண்ணியைக் குடிக்காதேங்கோ.”

“பிறகு எதைக் குடிக்கிறது பிள்ளை?”

ஒன்றும் நடக்காது, பயப்படாதேங்கோ என்பது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். “எனக்குத் தெரியேல்ல அக்கா” என்றேன். கமால்தீனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: சுகமான பதில் வாயில் வந்து நிற்கும்போது அதை விழுங்கிவிடுவது. யோகமலர் எழும்பி, வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.