புளி போட்டுத் துலக்கிய ரம்பம்

அன்றைக்கு எங்கள் ரானுயி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் கணவர் சேகர். மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலில் வந்திருந்த அன்ரன் அண்ணன். பழம்பொருள்களுக்கு விலை மதிப்பிடும் ஹெலன் அம்மா. வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே... எதற்கும் எழுதி வைக்கிறேன்.

டீப்பாய் மேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு டாக்டர் கை, கால் எடுக்க வைத்திருந்த கருவிகள். ஒரு ரம்பம், மூன்று நீளக் கத்திகள், ரத்தம் வராமல் இறுக்குகிற பித்தளைத் திருகு. எல்லாவற்றுக்கும் கருங்காலிப் பிடி.

பெட்டி அன்ரன் அண்ணனுடையது. கூடப்பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் அண்ணன். மன்னார்க்காரர், தச்சு வேலை. பழைய ரம்பங்கள் சேர்க்கப் போய், ஒரு நாள் மரம் அறுக்காத ரம்பம் ஒன்று கையில் சிக்கியதாம். அன்றிலிருந்து இதே பைத்தியம். சேர்த்ததில் இந்தப் பெட்டிதான் உசத்தி. அதை விற்கத் துணிந்தார் என்றால் காரணம் அவருடைய வேன். கியர் பாக்ஸ் போய்விட்டது. சரி செய்ய மூவாயிரம் டாலர் என்றது கராஜ். வேன் இல்லாத தச்சனை யார் கூப்பிடுவார்கள்? கதவுப் பலகையை ரயிலிலா ஏற்ற முடியும்?

போட்டோவைப் பார்த்தே ஹெலன் அம்மா மூவாயிரம் வரை போகும் என்று சொல்லியிருந்தார். அப்பாடா என்றிருந்தது அண்ணனுக்கு.

பெட்டி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? அவர் இருக்கிற அறையில் ஈரம். சுவரெல்லாம் பூஞ்சை. எங்கள் வீட்டில் அறையைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் ஓடும், ஈரம் நிற்காது. அதனால் ஹெலன் அம்மா வரும்வரை என்னிடம் ஒப்படைத்தார்.

"துருப் பிடிக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்றார்.

இதைத்தான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன அர்த்தம்?

எனக்கோ அன்றிலிருந்து தூக்கமில்லை. திருடன் வந்தால்? ஹீட் பம்ப் தீப்பிடித்தால்? கத்தி தானாக வெளியே வராது என்று தெரியும். இருந்தாலும் பெட்டிக்கு மேல் ஒரு அரிசி மூட்டையை வைத்தேன்.

அந்த வாரம் பார்த்து ஆயுத பூஜை. அரிவாள்மனையிலிருந்து லேப்டாப் வரை எல்லாம் துடைத்துச் சாமி முன்னால் வைக்கிறோம். வீட்டிலேயே பெரிய ஆயுதம் மூலையில் அழுக்காகக் கிடக்கலாமா? திறந்து பார்த்தேன். பித்தளை கறுத்திருந்தது. ரம்பத்தில் பழுப்புத் திட்டு. துருதானே அது?

பித்தளைக்குப் புளி. எஃகுக்குக் கம்பி நார். பிடிகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டேன். தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்தேன். பெட்டி தகதகவென்று இருந்தது. அண்ணன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராயிற்றே, குங்குமம் வைத்தது தப்போ... என் கவலையெல்லாம் அதில்தான் இருந்தது.

அன்றைக்கு ஹாலில் ஹெலன் அம்மா பெட்டியைத் திறந்தார். லென்ஸை எடுத்தார். வெல்வெட்டில் ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பழைய ரத்தமாக இருக்குமோ என்று கேட்டார். குங்குமம் என்றேன். லென்ஸை மூடிவிட்டார்.

பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார். அந்தக் கறுப்புதான் அந்தப் பொருளின் வயசாம். நான் தேய்த்ததில் ரம்பத்தில் பொறித்திருந்த, அதைச் செய்தவர் பெயர் பாதி போய்விட்டதாம். பிடி இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. ஆயிரத்தைந்நூறுக்கு மேல் போகாது என்றார்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் கிளினிக்கில், துப்புரவு வேலை. அங்கே ஒரு தட்டில் ஒரு புள்ளி இருந்தால் மேனேஜர் கூப்பிட்டுவிடுவார். இங்கே அந்தப் புள்ளியை எடுத்ததற்கு ஆயிரத்தைந்நூறு நஷ்டமா?

ஹெலன் அம்மா சொன்ன இன்னொன்று என்னை இன்னும் குழப்பிவிட்டது. மரப் பிடி இருந்தால்தான் விலையாம். கருவியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று டாக்டர்களுக்குத் தெரிந்த பிறகு, பிடியையும் உலோகத்தில் செய்துவிட்டார்களாம். அப்படியென்றால்... கழுவத் தெரியாத காலத்துச் சாமான் என்பதற்குத்தான் இந்த மதிப்பு. அதை நான் கழுவிவிட்டேன். ஒன்பதாவதோடு நின்றவள் நான். இது எனக்கு மட்டும்தான் புரியவில்லையா, உங்களுக்கும் அப்படித்தானா?

"அடுத்தவங்க பொருள்ல கை வைக்காதேன்னு சொன்னேன்ல?" என்றார் சேகர்.

"பூஜைக்கு உங்க ட்ரில்லை அது பக்கத்துல கொண்டுவந்து வெச்சது யாரு?" என்றேன்.

அன்ரன் அண்ணன் ரம்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, நாளைக்கே ஒப்பரேஷன் வைக்கிற பிளானோ?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். கை மட்டும் அந்தப் பாதிப் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சொன்ன விலைக்கே பெட்டி போனது. அந்த ஆயிரத்தைந்நூறும் கராஜுக்குப் போயிற்று. மீதி தந்தால்தான் வேன். இப்போது அண்ணன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலில் வேலைக்குப் போகிறார். பை தூக்கி முடிகிற சின்ன வேலைகள் மட்டும். நான் பணம் நீட்டினேன்.

"தங்கச்சியிட்டக் காசு வாங்கிற அளவுக்கு நான் இன்னும் வரேல்ல" என்று பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சரி, அவர் வாங்க மாட்டார். கராஜ்காரர் வாங்குவாரே? நேராக அங்கேயே போனேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாரம் அறுபது கட்டுகிறேன். வேன் உள்ளே அழுக்கோ அழுக்கு. தொடவில்லை.

இரண்டு வாரம் கட்டியாயிற்று. பாக்கி ஆயிரத்து முந்நூற்றெண்பது டாலர்.