பதினேழாம் வரியில் என் மகள்

டாக்டரின் கையெழுத்து எனக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. அதன் பிறகு அவர் எழுதிக் கொடுத்த தாள்களைத் தடங்கல் இல்லாமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். மகள் மதியம் தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். இயந்திரத்தின் அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டால் சத்தம் குறையும். அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், அட்டவணையின் பதினேழாம் வரியில் என் விரல்கள் நின்றுவிட்டன.

பெண். இரண்டு வயது நான்கு மாதம். ஒன்பதரை கிலோ. இளைப்புடன் இடது காதில் சீழ்.

பெயர் இல்லை. ஆனால் அந்த எடையையும் அந்தக் காதையும் எனக்குத் தெரியாதா? பக்கத்துக் கட்டத்தில், மருந்து முழுவதும் கொடுக்கப்பட்டது என்று இருந்தது. அதற்கடுத்து, மருந்தால் குணம். கடைசிக் கட்டத்தில், பக்க விளைவு ஏதும் இல்லை.

மூன்றுமே பொய். மூன்றையும் சொன்னது நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊருக்கு வெளியே, வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மழைக்காலம் வந்தால் மகளுக்கு மூச்சு இளைக்கும். ஊருக்குள் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த குழந்தை டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த ஐப்பசியில் அவர் சீட்டு எழுதாமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன், பதினைந்து நாள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் மகள் எழுந்திருக்கவே இல்லை. உலுக்கினால் கண் திறப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினாள். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். ஆனால் பாட்டிலைக் காலியாகக் காட்ட வேண்டுமே. அதனால் தினமும் இரண்டு ஸ்பூனாக அளந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட்டேன். மொத்தமாகக் கொட்டாமல் அளந்து ஊற்றினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மழை நின்றது, இளைப்பும் தானாக நின்றது. காலி பாட்டிலோடு போனேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"தேவலைங்க டாக்டர்."

"மருந்து முழுசா குடுத்தியா? வாந்தி கீந்தி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லைங்க."

அந்தப் பதிலை நான் வெளியே காத்திருக்கும் பெஞ்சிலேயே கற்றிருந்தேன். அவர் மேஜைமேல் ஊசிகளைக் கொதிக்க வைக்கும் எவர்சில்வர் டப்பா எந்நேரமும் புஸ்புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். தேவலை இல்லை என்று சொன்ன குழந்தைக்கு ஊசி நிச்சயம் என்பது பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் துணிக்கடை பாய் வீட்டு அக்கா என் காதில் சொன்னதும் அதுதான். "கேட்டா தேவலைன்னுடு. இழுத்தியோ, டப்பா தொறந்துடும்."

அன்று பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் என் படிப்பைக் கேட்டார். பி.எஸ்ஸி., தட்டச்சும் தெரியும் என்றேன். வடக்கே ஒரு நகரத்திலிருந்து வரும் மருத்துவ இதழுக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதுவதாகவும், தட்டித் தர முடியுமா என்றும் கேட்டார். பெருமையாக இருந்தது. என் கணவர் இயந்திரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார்.

பதினேழாம் வரியைப் பார்த்த பிறகுதான் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தேன். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்மருந்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கோ ஒரு ஊரில் ஒரு டாக்டர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அங்கே ஒரு குழந்தை வாயில் சோற்றோடு தூங்கும். அதன் தாய் பயப்படுவாள். பக்க விளைவு இல்லை என்று அச்சில் இருக்கிறதே என்பார் அந்த டாக்டர்.

திங்கட்கிழமை தபாலில் போக வேண்டிய கட்டுரை. ரிப்பன் தேய்ந்துவிட்டது, தாமதமாகும் என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அது அடுத்த பொய்.

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நீ போய் சொன்னா அவர் சும்மா இருப்பாரா? நாளைக்கு இவளுக்கு மூச்சு வாங்கினா யார்கிட்ட தூக்கிட்டு ஓடுவே? வேலூருக்கா?"

"தப்பா அச்சுல வருதுங்க."

"உன் பேரா வருது? அவர் பேருதானே?"

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அத்தனை பேரில் ஒரு வரி தப்பானால் என்ன குடி முழுகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை உறுதி செய்துகொள்ளத்தான் பாய் வீட்டு அக்காவிடம் போனேன். அவர் மகளுக்கும் அதே பாட்டில்தான்.

"நீங்க முழுசா குடுத்தீங்களாக்கா?"

அவர் சிரித்தார். "எங்க? நாலு நாள். தூக்கம் ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சி. மீதிய நானே குடிச்சேன்."

"நீங்களா?"

"எனக்கும் இருமல்தானே? நல்லா தூக்கம் வந்துச்சி போ. டாக்டர்கிட்ட தேவலைன்னேன். பொய்யில்லையே, எனக்குத் தேவலைதான்!" என்றவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏய், அவர்கிட்ட போய் என்னைச் சொல்லிக் குடுத்துடாதே. எங்களுக்கும் வேற டாக்டர் கிடையாது."

மறுநாள் தாள்களை எடுத்துக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று தோன்றியது.

கூட்டம் குறையும்வரை காத்திருந்து உள்ளே போனேன். பதினேழாம் வரி என் மகள் என்றேன். மருந்தை ஊற்றிவிட்டதைச் சொன்னேன், தூக்கத்தைச் சொன்னேன். டப்பா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"படிச்ச பொண்ணு நீ."

"ஆமாங்க."

"சரி. அந்த ஒரு வரிய எடுத்துட்டு வேற தாள்ல அடிச்சுக் குடு. மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு."

தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தாள்களை வாங்கிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். திரைச்சீலையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"மத்ததும் அப்படித்தாங்க டாக்டர்."

"எது?"

"எல்லாம் இல்ல. நெறைய பேரு. தேவலைன்னு சொன்னா ஊசி கெடையாதுன்னு வெளியில எல்லாருக்கும் தெரியும்."

"யார் சொன்னா?"

நான் பெயர் சொல்லவில்லை. அவர் குரல் உயர்ந்தது. "ஒரு வருஷ வேலைம்மா இது. இத்தனை வருஷத்துல மொத மொத ஒரு இதழுக்கு எழுதறேன். எங்கிட்ட பொய் சொன்னா கெடுதல் யாருக்கு?"

"நீங்க சோதிச்சுப் பாக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. வழக்கமான மருந்துன்னு நெனச்சோம். சொல்லியிருந்தா..."

"சொன்னா புரியுமா அவங்களுக்கு?"

"எனக்குப் புரிஞ்சிருக்குமே டாக்டர். எனக்கும் சொல்லலையே."

அவர் கையை நீட்டித் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "போம்மா. வெளிய ஆளுங்க நிக்கறாங்க."

அதன் பிறகு பத்து நாள் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தட்டச்சு இயந்திரம் மூலையில் உறை போட்டுக் கிடந்தது. கட்டுரை போய்விட்டதா, கிழிக்கப்பட்டதா, தெரியாது. பதினோராம் நாள் காலையில் மகளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. விலா எலும்புகள் உள்ளே இழுப்பதைப் பார்த்துக்கொண்டே, போவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் வாசலில் நின்றேன். அந்த அரைமணிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளை மட்டும் வாங்கி மடியில் உட்கார வைத்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மருந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்காரச் சொன்னார். மூச்சு சீரானதை இரண்டு முறை வந்து பார்த்த பிறகுதான் என்னிடம் பேசினார். அப்போதுதான் கவனித்தேன், மேஜைமேல் டப்பா இல்லை. பின்கட்டிலிருந்து அதன் சத்தம் மெல்லியதாக வந்தது.

இழுப்பறையிலிருந்து அட்டவணையை எடுத்து என் முன்னால் வைத்தார். சிவப்புப் பென்சிலால் வரிகளை அடித்திருந்தார். பதினேழாம் வரிமேல் மட்டுமில்லை, பாதிக்கு மேல் கோடு விழுந்திருந்தது.

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டேன். உங்க தெருவுல ஒரு அம்மா, ஊசி எங்கன்னு மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் வாயத் தொறந்தாங்க. மருந்த அவங்களே குடிச்சாங்களாம்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அனுப்பறதுக்கு ஒண்ணுமில்ல இதுல. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். கம்மியா குடுத்து, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "தமிழ்ல எழுது. உங்க தெருவுக்குப் புரியற மாதிரி."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த மருந்து நல்லதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள், அதற்காக ஊசி போடமாட்டோம். வேண்டாம் என்றாலும் உங்கள் குழந்தைக்கு எப்போதும்போல் வைத்தியம் உண்டு. கடைசி வரியை எழுதும்போது இது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு என் மகளைக் காட்டி, "இவளச் சேத்துக்கட்டுமா?" என்றார்.

அவள் என் தோளில் கிடந்தாள். மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"வேணாங்க டாக்டர்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு வழக்கமான சீட்டை எடுத்து, வழக்கமான மருந்தை எழுதினார்.

"மூணு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வா" என்றார்.