பொட்டு வைத்த வெள்ளைச் சைக்கிள்

எழுத்தும் சைக்கிளும் எனக்கு ஒரே வருஷத்தில் வந்தவை. புதுக்கோட்டைப் பக்கம் அப்போது கல்யாணமான பெண்களெல்லாம் சாயங்காலம் பாடம் படித்துவிட்டு, மைதானத்தில் சைக்கிள் பழகினோம். எழுத்து இன்றைக்கும் கொஞ்சம் தடுமாறும். சைக்கிள் தடுமாறாது.

வெளிநாட்டில் கெல்லிவில் என்ற ஊரில் இருக்கும் என் மகளுக்கு இது தெரியும். இருந்தாலும் போன புரட்டாசியில் நான் அங்கே போயிருந்தபோது, மலைக்குக் கூட்டிப் போக நிபந்தனை போட்டாள். பேட்டரி வைத்த சைக்கிள் இரண்டை ரயிலில் ஏற்றிக்கொண்டு புளூ மவுண்டன்ஸ் போவது. மேலே ஊர் ஊராக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி ஊரில் திரும்ப ரயில் ஏறுவது. கண்டதற்கெல்லாம் இறங்கி நின்றால் நடுவில் வரும் ஸ்டேஷனிலேயே ஏற்றிவிடுவேன் என்றாள். கடைசி ஊர் வரைக்கும் மிதித்தே போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு வீம்பு. தலையாட்டினேன்.

ஆனால் இறங்காமல் எப்படி இருப்பது? ஒரு வீட்டு வாசலில் புறாக்கூண்டு மாதிரி பெட்டி, உள்ளே புத்தகங்கள். யாரும் எடுத்துப் போய்ப் படிக்கலாமாம். இன்னொரு வீட்டு வேலியில் கம்பளிக் கையுறை ஒன்று மட்டும் செருகியிருந்தது. யாரோ தவறவிட்டது, தேடி வருகிறவர் கண்ணில் படட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்றாள் மகள். ஜோடிக் கையுறை எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"இன்னொரு தடவ எறங்குன, ரயில்தான்மா. சொல்லிட்டேன்."

அடுத்த ஊருக்குள் நுழையும் வளைவில் அவள் முன்னால் போய்விட்டாள். அங்கேதான் அதைப் பார்த்தேன். கம்பத்தோடு கட்டிய ஒரு சைக்கிள். சக்கரம், சீட், செயின் எல்லாம் வெள்ளைப் பெயிண்ட். ஹேண்டில்பாரில் கட்டிய புட்டியில் பூங்கொத்து. எனக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊர்க்காரர்களும் ஆயுத பூஜை போடுகிறார்களே! பூ வைத்தவர்கள் பொட்டு வைக்க மறந்துவிட்டார்கள். பையிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து, ஹேண்டில்பாரிலும் இரண்டு சக்கரங்களிலும் வைத்தேன்.

திரும்பி வந்த மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் கார் மோதி இறந்த இடத்தில்தான் இப்படி வெள்ளைச் சைக்கிள் வைப்பார்களாம். நான் முந்தானையால் துடைக்கப் போனேன். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர், என் வயதுதான் இருக்கும், தண்ணீர்க் குவளையோடு வந்துவிட்டார். இறந்தது அவர் மனைவி. பூவுக்குத் தண்ணீர் மாற்ற வந்திருக்கிறார்.

மகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டார்.

"உழைச்ச சைக்கிளுக்கு வச்சதுன்னு சொல்லு," என்றேன். "அப்புறம், புருஷன் இருக்கப் போனவளுக்கு எங்க ஊர்ல பொட்டு வச்சுத்தான் அனுப்புவோம். அதனால தப்பா வைக்கலன்னும் சொல்லு."

"அதெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

"சொல்லு."

சொன்னாள். அவர் புட்டியிலிருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, துடைக்க வேண்டாம், மழை வரும்போது அதுவாகப் போகட்டும் என்றார். இன்னொன்றும் கேட்டார். அவர் மனைவி இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாளாம்: இவ்வளவு துணியைச் சுற்றிக்கொண்டு எப்படிச் சைக்கிள் ஓட்டுகிறீர்கள்?

கொசுவத்தை ஒதுக்கிப் பிடித்து, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக் காட்டினேன். ஏறி, மேட்டில் ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினேன். குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகப் பார்த்தார். அவளுக்காகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச தூரத்தில் ஸ்டேஷன் வந்தது. ரயிலும் நின்றுகொண்டிருந்தது. யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்தேன். மகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மெதுவாவே மிதிம்மா," என்றாள். "எங்க எறங்கணும்னாலும் சொல்லு."