திட்டத்தில் இல்லாத கதவு

மங்கலம் சாலையை ஒட்டிய சந்தில், மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய சக்கர நாற்காலி ஒன்று. மழைக்காக அதன்மேல் பனியன் கம்பெனிக் கழிவுத் துணி. இரண்டாயிரத்துகளின் நடுவில் எங்கள் சேவைச் சங்கம் செய்த மகத்தான உதவியை நான் அந்தக் கோலத்தில்தான் பார்த்தேன்.

அப்போது நான் சங்கச் செயலாளர். பதவி வந்த கதை எளிது: தேர்தல் நடந்த கூட்டத்துக்கு நான் போகவில்லை.

நாற்காலி ஒரு கட்டிங் மாஸ்டருக்காக வாங்கியது. தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர். மொபட்டிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, ஏழு மாதமாக ஒரே அறையில் கிடந்தார். அவரைக் கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோவில் கொண்டுவந்து, மேடையில் நாற்காலியில் உட்காரவைத்து, பதினோரு பேர் அதைத் தொட்டபடி படம் எடுத்துக்கொண்டோம். கால் அங்குலம் பிசகினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும் தொழில் எங்களுக்கு. மேடை பேனரை இரண்டு முறை அளந்தோம். அவர் வீட்டுக் கதவை யாரும் அளக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, உதவி பெற்றதாகக் கையெழுத்து வாங்கப் போனேன். மாஸ்டர் கட்டிலில் படுத்தபடியே வரவேற்றார். "வாங்க சார். வண்டியப் பாத்தியளா? அதாச்சும் வெளிய காத்தாட நிக்கு."

மனைவியால் அவரைத் தூக்க முடியாது. அக்கம்பக்கத்து ஆண்கள் வேலைநாளில் ஷிப்டில், ஞாயிறன்று உறக்கத்தில். சந்து முனை டீக்கடையில்கூட உட்கார்ந்து எட்டு மாதம் என்றார்.

அங்கிருந்தே சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். "நாற்காலி குடுத்தாச்சுங்க. கதவு நம்ம திட்டத்துல இல்லீங்களே" என்றார்.

நாற்காலி நுழையும்படி வாசலை அகலப்படுத்தலாமா என்று வெளியே நின்ற வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டேன். "செவுத்த இடிச்சா பக்கத்தூட்டுச் செவுரும் சேந்து வருமுங்க. ஏனுங்க, ரெண்டு பேரு புடிச்சுத் தூக்குனா ஆவாதுங்களா?" என்றவர், அந்த இரண்டு பேரில் தான் இல்லை என்பதுபோல் ஸ்கூட்டரை உதைத்தார்.

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ஆளு போதும் சார். நான் ரொம்ப எளச்சுட்டேன்."

நான் நினைத்த நேரத்தில் அந்த அறையைவிட்டு வெளியே போகலாம். அந்த வசதிதான் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது.

முதுகில் சுமந்து வெளியே வந்தபோது என் மூச்சு பக்கத்துத் தறிச் சத்தத்தை மிஞ்சியது. நாற்காலியில் உட்காரவைத்து டீக்கடைக்குத் தள்ளிப்போனேன். ஒரு டீயை அரைமணி நேரம் குடித்தார். பஞ்சு ஒட்டிய தலையோடு போகிறவர்களை, சுருள் துணி ஏற்றிய ஆட்டோக்களை, ஒரு நாயை, எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பார்த்தார். கையெழுத்துப் போட்டவர் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வாரிய?"

ஆண்டறிக்கையில் 'திட்டம் இனிதே நிறைவுற்றது' என்று எழுதியது நான்தான். நிறைவுற்ற அந்தத் திட்டத்தை மூன்று வருஷம் ஞாயிறுதோறும் முதுகில் சுமந்தேன். இன்று முதுகுவலிக்குக் காரணம் கேட்கும் டாக்டரிடம் சமூக சேவை என்கிறேன். என் தொப்பையைப் பார்த்துவிட்டு அவர் நம்ப மறுக்கிறார்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிறு, காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பத்து மணிக்குப் போன் வந்தது.

"எந்திரிக்க முடியலியா சார்? சங்கடப்படாதிய, நான் வேணா வந்து தூக்குதேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.